நான்காம் அத்தியாயம்: ‘ஆம்’ எங்கே உதிர்ந்தது?

2018 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. தெற்குக் கொல்கத்தாவின் ஹரிதேவ்பூரில் ஒரு காலி மனையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த ஆட்களுக்குப் புதருக்குள் பிளாஸ்டிக் பொட்டலங்கள் தட்டுப்பட்டன. போலீஸ் வந்தது. அன்றைய மேயர் சோவன் சட்டர்ஜி நேரில் வந்தார். கிடைத்தவை பிறந்த குழந்தைகளின் உடல்கள், மொத்தம் 14 என்று நிருபர்களிடம் சொல்லப்பட்டது. சற்று நேரத்தில் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அதுதான் ஓடியது. வெளிநாட்டுச் செய்தித் தளங்கள்கூட எடுத்துப் போட்டன. கருக்கலைப்புக் கும்பலா, எந்த நர்சிங் ஹோம், எந்த டாக்டர் என்று விவாதமே தொடங்கிவிட்டது.

இரவுக்குள் மருத்துவர்கள் பொட்டலங்களைப் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்கள்: மனிதத் திசு எதுவும் இல்லை. மருத்துவக் கழிவு.

அந்தச் செய்தியை மாலையில் நானும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பியிருந்தேன். இரவு மறுப்பு வந்தபோது அதை ஒரு குழுவுக்குத்தான் அனுப்பினேன். மற்ற இரண்டிலும் பேச்சு வேறு எதற்கோ போய்விட்டிருந்தது. திரும்ப அந்தக் கோரத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், ‘உங்க ஊர்ல பதினாலு குழந்தையைப் புதைச்சாங்களே, அது என்ன ஆச்சு?’ என்று சென்னையிலிருந்து வந்த உறவினர் கேட்டார். அவருக்கு அதைச் சொன்னது நான்தான். இந்த அத்தியாயம் எழுத வேண்டும் என்று தோன்றியது அந்தப் பந்தியில்.

பொய்ச் செய்தியைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ‘நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள்’ என்பதோடு முடிகின்றன. ஹரிதேவ்பூரில் அந்த அறிவுரை செல்லாது. சொன்னவர் ஒரு மாநகரத்தின் மேயர். பக்கத்தில் நின்றது போலீஸ். ஒளிபரப்பியவை பேர்பெற்ற சேனல்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அங்கே நடந்தது வேறு. தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், அதாவது பொட்டலத்தைப் பிரித்துப் பரிசோதிக்கும் மருத்துவர், வாய் திறப்பதற்கு முன்பே மற்ற எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். ஆகவே ‘சொன்னவர் யார்?’ என்ற கேள்வியோடு நிற்காதீர்கள். ‘அவருக்கு எப்படித் தெரியும்?’ என்று அடுத்ததையும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

பாட்டி கொடுத்த கருவி

இதற்கான கருவி நம் மொழியிலேயே இருக்கிறது. ‘மாமா வந்தார்’ என்று ஒருவர் சொன்னால் அவர் பார்த்திருக்கிறார் என்று பொருள். ‘மாமா வந்தாராம்’ என்றால் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அந்த ‘ஆம்’ எவ்வளவு சின்னது! ஆனால் பார்த்ததையும் கேட்டதையும் அது பிரித்து வைக்கிறது. என் பாட்டி இந்த விஷயத்தில் கறாரானவர். தான் பார்க்காத எதையும் ‘ஆம்’ இல்லாமல் சொல்ல மாட்டார். இங்கே வங்காளத்தில் அந்த வேலையை ‘நாக்கி’ என்ற சொல் செய்கிறது. ‘ஷே நாக்கி ஆஷ்பே’ என்றால் ‘அவன் வரப்போகிறானாம்’. டீக்கடை பெஞ்சில் நடக்கும் ‘அட்டா’ என்ற அரட்டையில் காது கொடுத்துக் கேட்டால் பத்து வாக்கியத்துக்கு ஒரு ‘நாக்கி’ விழும்.

கைபேசியில் இந்த ‘ஆம்’தான் முதலில் உதிர்கிறது. முதல் ஆள் ‘குழந்தைகளாம்’ என்று அனுப்புகிறார். இரண்டாவது ஆள் ‘குழந்தைகள்’ என்கிறார். மூன்றாவது ஆள் எண்ணையும் ஆச்சரியக்குறியையும் சேர்க்கிறார். செய்தித்தாளில் ‘ஆம்’ கோட்டு மாட்டிக்கொண்டு வரும்: ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘முதற்கட்டத் தகவல்’, ‘பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி’. உள்ளே இருக்கும் அந்தச் சொற்கள் தலைப்புக்கு வரும்போது இடமில்லாமல் கழன்றுவிடும். தலைப்பை மட்டும் படித்து அனுப்புகிறவர்களுக்கு ‘ஆம்’ கண்ணிலேயே படுவதில்லை.

எனவே பயிற்சி இதுதான். உங்களை உலுக்குகிற எந்தச் செய்தி வந்தாலும், அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ‘ஆம்’ சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். பிறகு, ‘ஆம்’ போடாமல் இதைச் சொல்லும் தகுதி உலகத்தில் யாருக்கு இருக்கிறது என்று யோசியுங்கள். ஹரிதேவ்பூரை எடுத்துக்கொண்டால், பொட்டலம் கிடந்தது என்று சொல்லத் துப்புரவு ஆளுக்கு ‘ஆம்’ தேவையில்லை. எத்தனை பொட்டலம் என்று போலீஸ்காரர் எண்ணிச் சொல்லலாம். உள்ளே இருந்தது என்ன என்று அவர் சொல்ல வேண்டுமானால் ‘ஆம்’ வேண்டும். மேயர் சொல்ல வேண்டுமானாலும் வேண்டும். டாக்டருக்கு மட்டும்தான் வேண்டாம். அந்த ஆள் பேசியாகிவிட்டதா? இல்லை என்றால் காத்திருங்கள். ஹரிதேவ்பூரில் காத்திருக்க வேண்டியிருந்தது ஒரு மாலைப்பொழுதுதான்.

காக்கை வாந்தி

ஒருவன் கறுப்பாக ஏதோ வாந்தி எடுத்தான். மனைவி அடுத்த வீட்டில் ‘காக்கா நிறத்துல எடுத்தார்’ என்றாள். அடுத்த வீட்டுக்காரி எதிர்வீட்டில் ‘காக்காவையே எடுத்தாராம்’ என்றாள். தெருக்கோடிக்குப் போவதற்குள் பத்துக் காக்கை பறந்தது. தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் அதை 2024 ஆகஸ்டில் என் கண்ணெதிரே பார்த்தேன்.

ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. ஆகஸ்ட் 14 நள்ளிரவில் பெண்கள் தெருத்தெருவாக இறங்கி நின்ற காட்சியை இந்த ஊரில் இருந்த யாரும் மறக்க முடியாது. அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தின் முதுகில் ஏறித்தான் ‘150 கிராம்’ என்ற எண்ணும் வந்தது. உடலில் 150 கிராம் விந்து இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொல்கிறது, ஆகவே செய்தவர்கள் பலர் என்று டாக்டர்கள் சிலர் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள், பேசினார்கள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒவ்வொரு உறுப்பின் எடையையும் குறிப்பது வழக்கம். இதயம் இவ்வளவு, கல்லீரல் இவ்வளவு என்பது போல. அந்த எண்ணும் அப்படிக் குறிக்கப்பட்ட ஓர் உறுப்பின் எடைதான். அறிக்கையில் வேறொரு இடத்தில் இருந்த திரவம் பற்றிய குறிப்பை எடுத்து யாரோ இந்த எடையோடு ஒட்டிவிட்டார்கள். ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் இந்த எண்ணைக் கிளப்பியபோது, தலைமை நீதிபதி சந்திரசூட், சமூக ஊடகத்தில் வந்ததை வைத்து வாதாட வேண்டாம், உண்மையான அறிக்கை எங்களிடம் இருக்கிறது, அந்த எண் எதைக் குறிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் என்று நிறுத்தினார்.

இந்தப் பொய் வென்றதற்குக் காரணம் அது ஆவணத்தின் பெயரில் வந்ததுதான். ‘பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொல்கிறது’ என்ற பிறகு யார் ‘ஆம்’ போடுவார்கள்? ஆவணம் உண்மையாக இருக்கலாம். அதைப் படித்தவர் பிசகியிருக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பு, ஆய்வுக்கட்டுரை, பட்ஜெட் அட்டவணை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மேற்கோள் காட்டப்பட்ட பக்கத்தை நீங்களே பார்க்க முடிந்தால் பாருங்கள். எண் ஒன்று வந்தால் இரண்டு கேள்வி போதும்: இது எதன் அளவு? அந்த அளவு நடைமுறையில் இருக்கக்கூடியதா? எடைக் கணக்குக் கொஞ்சம் தெரிந்த எந்த மருத்துவ மாணவரையாவது கேட்டிருந்தால் அப்போதே உடைந்திருக்கும் விஷயம் அது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. வதந்தி வெறும் நிலத்தில் முளைப்பதில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ததில் நேர்ந்த தாமதத்தை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அதிகாரிகள் வாய் மூடி இருந்த நேரங்களில், அல்லது மாற்றி மாற்றிப் பேசிய நேரங்களில், மக்கள் தாங்களே விடை தேடினார்கள். ‘ஏன் தாமதம்? யாரைக் காப்பாற்ற?’ என்று கேட்பது குடிமக்களின் உரிமை. அது கேள்வி. ‘150 கிராம்’ என்பது கேள்வியில்லை, போலி விடை. கேள்வியைக் கேள்வியாகவே வைத்திருக்கத் தெரிந்தால் உங்கள் கோபத்துக்கு ஒரு குறைவும் வராது. போலி விடையைப் பிடித்துக்கொண்டால், அது உடையும் நாளில் உண்மையான கேள்வியையும் சேர்த்து எதிராளி உடைத்துவிடுவான். அந்த வாரங்களில் அதுதான் நடந்தது. மோப்ப நாய் மூன்று நாள் கழித்துத்தான் அனுப்பப்பட்டது என்று மாநிலத்தின் அன்றைய ஆளுங்கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரே எழுதினார்; 9-ஆம் தேதியே நாய் போனது என்று போலீஸ் மறுத்து, அவருக்கு நோட்டீசும் அனுப்பியது. மறுக்க முடிந்ததை எல்லாம் மறுத்துக்கொண்டே போக அதிகாரத்துக்கு வசதியாகிவிட்டது.

இன்னொரு தீங்கும் உண்டு. இறந்துபோன பெண்ணின் பெயர், படம், உடலின் காணொளி எல்லாம் கைமாறின. அவற்றை நீக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 20 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. ‘உண்மையைப் பரப்புகிறேன்’ என்று நம்பி அனுப்பியவர்கள்தான் அதில் பெரும்பாலோர். உண்மையாக இருந்தாலும் அனுப்பக்கூடாதவை இருக்கின்றன. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் அதில் முதலாவது.

படம் பேசும் ஊர் எது?

2017 ஜூலையில் வடக்கு 24 பர்கானா மாவட்டத்தின் பாதுரியாவிலும் பஷீர்ஹாட்டிலும் ஒரு பேஸ்புக் பதிவை ஒட்டிக் கலவரம் மூண்டது. அந்த நாட்களில் ஒரு பெண்ணின் சேலையைப் பலர் நடுவே ஒருவன் இழுக்கும் படம் ‘பாதுரியாவில் நடப்பதைப் பாருங்கள்’ என்ற வரியோடு நாடெங்கும் போனது. அது 2014-இல் வந்த ‘ஔரத் கிலோனா நஹி’ என்ற போஜ்புரி சினிமாவின் காட்சி. 2002 குஜராத் கலவரப் படம் ஒன்றும் பஷீர்ஹாட் என்ற பெயரில் உலவியது.

2021 மே மாதம், மேற்கு வங்கத் தேர்தல் முடிவுக்குப் பிறகு நடந்த வன்முறையில் இறந்தவர்கள் என்று மாநில பா.ஜ.க. வெளியிட்ட காணொளியில் சீதல்குச்சியைச் சேர்ந்த ஒருவரின் பெயரோடு ஒரு முகம் வந்தது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ‘இந்தியா டுடே’ பத்திரிகையாளர். சீதல்குச்சிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்துகொண்டு, நான் உயிரோடு நலமாக இருக்கிறேன் என்று அவரே எழுத வேண்டி வந்தது. பிறகு அந்தக் காணொளி நீக்கப்பட்டது. கவனியுங்கள்: வன்முறை நடந்தது உண்மை, உயிர்கள் போனதும் உண்மை. ஒரு தவறான முகம் அந்த உண்மையான சாவுகள் மீதே சந்தேகத்தை ஏற்றிவிட்டது.

பழைய படத்தைக் கண்டுபிடிக்க இன்று பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் படத்தைத் திறந்து கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் இதற்கு முன் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். காணொளியாக இருந்தால், முகமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்கள். டின்ஐ என்ற தளத்தில் பழையதிலிருந்து புதியது என்று வரிசைப்படுத்தியும் பார்க்கலாம். நீங்கள் தேடுவது ஒரே ஒரு விஷயம்: சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தேதிக்கு முன்பே இந்தப் படம் எங்காவது இருந்ததா? இருந்தால் கதை முடிந்தது.

கருவி கைகொடுக்காத இடத்தில் கண் கைகொடுக்கும். கொல்கத்தாவைப் பற்றிய காணொளி என்றால் நான் முதலில் பார்ப்பது போலீஸ் சட்டையை. நகரக் காவல்துறையின் சீருடை வெள்ளை. மாநிலத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலும் காக்கி. கலவரத் தடுப்புப் படைகள் வேறு உடையில் வருவதுண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. சந்தேகப்பட இது போதும். அடுத்தது வண்டியின் நம்பர் பலகை. இங்கே ஆங்கில எழுத்தில் டபிள்யூ.பி. என்று தொடங்கும். பலகையே வங்காள எழுத்தில், ‘டாக்கா மெட்ரோ’ என்பது போல இருந்தால் அது வங்கதேசம். கடைப்பலகை வங்காள எழுத்தில் இருக்கிறது என்பதால் மட்டும் மேற்கு வங்கம் ஆகிவிடாது. அங்கே நடந்ததை இங்கே நடந்ததாகவும், இங்கே நடந்ததை அங்கே நடந்ததாகவும் காட்டும் வியாபாரம் எப்போதும் நடக்கிறது. எழுத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: ‘ர’ எழுத்துக்கு அடியில் புள்ளி இருந்தால் வங்காளம், வயிற்றுக்குள் சாய்கோடு ஓடினால் அசாமியம். இந்த ஒரு புள்ளியை வைத்து, ‘வங்காளத்துக் கலவரம்’ என்று வந்த ஒரு காணொளியை அசாமுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதை 2023 மார்ச்சில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வடக்கே பரவி, திருப்பூர், கோவைப் பக்கத்திலிருந்து தொழிலாளர்கள் பயந்துபோய் ஊருக்கு ரயிலேறினார்கள். பல காணொளிகள் வேறு மாநிலங்களில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகள். அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு தானே காணொளியில் வந்து மறுத்தார். தெருவில் ஒரு தமிழ்ப் பலகைகூட இல்லாத காட்சியைத் ‘தமிழ்நாடு’ என்று நம்பியவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நம்மில் பலருக்கு வங்காள எழுத்து தெரியாதது போலத்தான். ஊருக்கு வெளியே இருப்பவர்களைத்தான் ஊர்ப்பொய் முதலில் பிடிக்கும். ஆகவே வேற்றூர்ச் செய்தி வந்தால் அந்த ஊரில் இருக்கும் ஒரு மனிதரைக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களுக்கு லென்ஸ் உதவாது. அவற்றுக்குப் பழைய பிறப்பிடமே இருக்காது. விரல்களை எண்ணிப் பார், காதைப் பார் என்ற குறிப்புகள் எல்லாம் மாதத்துக்கு மாதம் பழசாகின்றன. நான் நம்புவது கோணங்களை. பொது இடத்தில் பெரிய சம்பவம் நடந்தால் இன்று நூறு கைபேசிகள் அதைப் பதிவு செய்யும். ஆகஸ்ட் 14 இரவு ஆர்.ஜி. கர் வளாகத்துக்குள் கும்பல் புகுந்து அடித்து நொறுக்கியதை எத்தனை பக்கங்களிலிருந்து பார்த்தோம்! ஒரு பெரிய சம்பவத்துக்கு ஒரே ஒரு காணொளிதான், ஒரே ஒரு கோணம்தான் என்றால், இரண்டாவது கோணம் வரும்வரை ‘ஆம்’ போட்டே பேசுங்கள்.

முட்டையும் இறைச்சியும்

‘நம்பும்படி இல்லையே, அதனால் பொய்’ என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி.

2017 மார்ச் கடைசியில் கொல்கத்தாவில் பிளாஸ்டிக் முட்டை பயம் பிடித்தது. வாங்கிய முட்டையை உடைத்தால் பிளாஸ்டிக் போல இழுபடுகிறது என்று புகார் வந்து, முட்டை வியாபாரி ஒருவர் கைதே ஆனார். மாநகராட்சி கடைகடையாக மாதிரி எடுத்தது. நாமக்கல் வரை அந்தப் பயம் எட்டியது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். முட்டை பழசானால் வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், மஞ்சள்கரு உடைந்து பரவும், ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து தாள் போல உரியும். அதைத்தான் பிளாஸ்டிக் என்று நினைத்தார்கள். பிளாஸ்டிக் முட்டை என்று ஒன்று கிடையாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பிறகு விளக்கமே வெளியிட்டது.

அடுத்த ஆண்டு, 2018 ஏப்ரலில், குப்பைமேட்டில் கொட்டப்பட்ட செத்த விலங்குகளின் இறைச்சி ஓட்டல்களுக்குப் போகிறது என்ற பேச்சு கிளம்பியது. இங்கே அதை ‘பாகார்’ இறைச்சி என்பார்கள். பாகார் என்றால் செத்த மாடு கொட்டும் இடம். முட்டையில் சூடுபட்ட பலர், இதுவும் புரளி என்றார்கள். இது உண்மையாக இருந்தது. பஜ்பஜ் குப்பைமேட்டில் ஊர்க்காரர்கள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதைத் தொடர்ந்து ஒருவர் பின் ஒருவராகக் கைது. குளிர்பதனக் கிடங்கிலிருந்து டன் கணக்கில் இறைச்சி பறிமுதல்.

இரண்டும் ஒரே அளவுக்கு அருவருப்பு, ஒரே அளவுக்கு நம்ப முடியாதவை. வித்தியாசம் எங்கே? பொய்க்கு முன்னும் பின்னும் எதுவும் இருப்பதில்லை. பிளாஸ்டிக் முட்டை உண்மையானால் எங்கோ ஒரு ஆலை இருக்க வேண்டும், அச்சு இருக்க வேண்டும், அதில் லாபம் இருக்க வேண்டும். ஒரு முட்டை விலைக்கு ஓடும் கருவும் செய்து விற்க யாருக்குக் கட்டும்? பாகார் இறைச்சிக்கு வண்டி இருந்தது, கிடங்கு இருந்தது, வாங்கியவன் இருந்தான், இலவசமாகக் கிடைக்கும் சரக்கில் கொள்ளை லாபம் இருந்தது. ஒரு செய்தி உண்மையானால் அது வேறு எங்கெல்லாம் தடயம் விட்டிருக்க வேண்டும் என்று யோசித்து, அங்கே போய்ப் பாருங்கள்.

வர வேண்டியது வராமல் இருப்பதும் தடயம்தான். 2021 ஜூனில் கஸ்பாவில் நடந்த கொரோனா தடுப்பூசி முகாமில் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினரும் நடிகையுமான மிமி சக்ரவர்த்தி ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்டதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சான்றிதழும் கையில் கொடுக்கப்படவில்லை. அவர் அதை விடாமல் கேட்டார். முகாமை நடத்தியவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வேடமிட்ட ஆள் என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. பேனர், வரிசை, கூட்டம், பிரமுகர் எல்லாம் இருந்த இடத்தில் ஒரு குறுஞ்செய்தி இல்லாதது காட்டிக்கொடுத்தது.

ஒரே சாட்சி

பி.பி.டி. பாக் பக்கம் போனால் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்துக்குள் நுழைந்து, அங்கே நிற்கும் ஹால்வெல் நினைவுத்தூணைப் பாருங்கள். 1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தபோது, 146 பேரை ஒரே சிறிய அறையில் அடைத்ததாகவும் மறுநாள் காலை 123 பேர் மூச்சுத்திணறி இறந்து கிடந்ததாகவும் எழுதியவர் ஹால்வெல். உயிர்தப்பியவர்களில் ஒருவர், கோட்டையைக் கடைசியில் வைத்திருந்தவரும் அவர்தான். ‘கல்கத்தா இருட்டறை’ என்று உலகமே அதைப் படித்தது.

போலாநாத் சந்தர் என்ற வங்காள நிலக்கிழார், அந்த அறையின் அளவுக்கு, 18-க்கு 15 அடி இடத்தை வேலி போட்டு அடைத்து, அதற்குள் தன் குடியானவர்களை நெருக்கி நிற்க வைத்துப் பார்த்தார். 146 பேர் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் இதைச் செய்ய ஒருவருக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய ஆச்சரியம். லென்ஸ் இல்லை, இணையம் இல்லை. ஒரு வேலியும் சந்தேகமும் இருந்தன. பிறகு வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைத் துருவி, அடைக்கப்பட்டவர்கள் 64 பேர் போல இருக்கலாம் என்ற கணக்குக்கு வந்தார்கள். கொடுமை நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் நேரில் பார்த்தவராக இருந்தாலும், ஒரே ஆள், அதுவும் அந்தக் கதையால் தன் பெயருக்கு ஆதாயம் உள்ள ஆள் என்றால், அவரது எண்ணை வேலி போட்டு அளக்கத்தான் வேண்டும். அன்று டல்ஹௌசி சதுக்கம் எனப்பட்ட பி.பி.டி. பாகில் நின்ற இந்தத் தூணை அகற்றக் கோரி சுபாஷ் சந்திர போஸ் 1940-இல் போராட்டம் அறிவித்துக் கைதானார். அதன்பின்தான் தூண் தேவாலயத்துக்குள் போனது.

அதனால்தான் வாசகர்களுக்கு எதிரெதிர்ப் பத்திரிகைகள் இரண்டைப் படிக்கச் சொல்கிறேன். இந்த ஊரில் அது எளிது. தெருமுனைப் பலகையில் ஒட்டியிருக்கும் மார்க்சிஸ்ட் கட்சியின் ‘கணசக்தி’யை நின்றபடியே படித்துவிட்டு, திரிணாமூலின் ‘ஜாகோ பாங்ளா’வையும் புரட்டலாம். 2019 மே 14 அன்று அமித் ஷாவின் ஊர்வலத்தின்போது வித்யாசாகர் கல்லூரியில் வித்யாசாகரின் சிலை உடைந்தது. உடைத்தது யார் என்பதில் கட்சிக்குக் கட்சி, ஏட்டுக்கு ஏடு வேறு வேறு கதை. சிலை உடைந்தது, எந்த இடம், எந்த மாலை என்பதில் யாருக்கும் சண்டையில்லை. பரம விரோதிகளும் மறுக்காத அந்த எலும்பை முதலில் எடுத்து வையுங்கள். சதை யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது அப்புறம் தெரியும். உண்மை சரிபார்ப்புத் தளங்களும் உதவும்: ஆல்ட் நியூஸ், பூமின் வங்காளப் பதிப்பு, தமிழில் யூடர்ன். அவர்கள் முடிவை மட்டும் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற வழியைப் படித்தால் நாலு கட்டுரையில் நீங்களே பாதி கற்றுவிடுவீர்கள்.

குடும்பக் குழுவில்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்பு இருந்தால், அது உங்களிடம் வருவதற்குள் குறைந்தது ஐந்து கை மாறிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற 2018-இல்தான் இந்தியாவில் இந்தக் கட்டுப்பாடுகள் தொடங்கின. ஆனாலும் 2024 ஜூனில் பாராசத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சந்தேகித்து ஒன்றுமறியாதவர்களைக் கூட்டம் அடித்தது. ‘குஜபே கான் தேபேன் நா’, வதந்திக்குக் காது கொடுக்காதீர்கள் என்று போலீஸ் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னது. காது கொடுக்காமல் யாரால் இருக்க முடியும்? பிள்ளை பெற்றவர்களின் பயம் அது. பயந்தவரிடம் ‘இது பொய்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் அவர் உங்களை விட்டுவிட்டுச் செய்தியைப் பிடித்துக்கொள்வார்.

பெரியவர்கள் அனுப்பியதைக் குழுவில் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். தனியாகக் கூப்பிடுங்கள். ‘பெரியப்பா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியுமாம்?’ என்று கேளுங்கள். அவரே தேடிப் போகட்டும். திருத்தம் வந்தால் பொய்யை அனுப்பிய எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள்; ஒன்றுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

எங்கள் குடும்பக் குழுவில் எண்பதை நெருங்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். சென்ற குளிர்காலத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘லேக் மார்க்கெட்டை நாளையிலிருந்து ரெண்டு வாரம் மூடறாங்களாம். பால்காரர் சொன்னார். அவருக்கு யார் சொன்னாங்கன்னு அவருக்கே நினைவில்லை. பக்கத்துல இருக்கறவா யாராவது போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ.’ மறுநாள் காலை ஏழு மணிக்கு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் தம்பி மகள் பையை எடுத்துக்கொண்டு போய், வாழையிலைக்காரர் கடை விரித்து உட்கார்ந்திருப்பதைப் படமெடுத்துப் போட்டாள்.